பாட்டுக்கு முன்னால் வரும் பெயர்

ஓசூரில் எங்கள் கம்பெனி ஆயுத பூஜை. மெஷின்களுக்குச் சந்தனம் வைத்து முடித்ததும் கச்சேரி. "யாராச்சும் பாடுங்கப்பா" என்றார் சூப்பர்வைசர். மைக்கை வாங்கினேன்.

எனக்குத் தெரிந்தது ஒரே பாட்டு. ஓசியில் பாட்டு இறக்கும் ஒரு இணையதளத்தில் எடுத்தது. குருபரப்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது தினமும் கேட்பேன். பாட்டு தொடங்கும் முன் ஒரு பெண் குரல் அந்தத் தளத்தின் பெயரைச் சொல்லும். கண்ணை மூடி ஆரம்பித்தேன். பழக்க தோஷம், முதலில் வாயில் வந்தது அந்தப் பெயர்தான்! கூட்டமே சிரித்தது.

கச்சேரிக்கு வந்திருந்த கீபோர்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நான் இறங்கியதும் அருகில் வந்தார்.

"அது நான் பாடுன பாட்டு சார்."

"தப்புதாங்கண்ணா, இனிமே இறக்க மாட்டேன்."

"அது கெடக்கட்டும். உங்க போன்ல பாடுனது யாருன்னு போட்டிருக்குது?"

காட்டினேன். அங்கேயும் தளத்தின் பெயர்தான்.

"ஆடியோ கம்பெனியும் என் பேரைப் போடல சார். டவுன்லோட் பண்ணாதீங்கன்னு உங்களோட சண்டைக்கு மட்டும் வர்றாங்க. நீங்களாச்சும் மனப்பாடமா பாடுறீங்க."

திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன். அவர் பெயரைக் கேட்டு, போனில் தளத்தின் பெயரை அழித்து, பாடியவர் என்ற இடத்தில் அதை அங்கேயே பதித்துக்கொண்டேன்.

இப்போது ஒரு பாட்டு ஆப்பில் மாதச் சந்தா கட்டி முறையாகத்தான் பாட்டுக் கேட்கிறேன். அந்த ஆப்பில் அவர் குரல் இன்னும் தெளிவாக இருக்கிறது. அவர் பெயர் இல்லை. அது இருப்பது என் திருட்டுப் பாட்டில் மட்டும்தான். அந்தப் பாட்டை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.