அக்சாள் கேட்ட வாய்க்கால்

விவரம் தெரிந்த நாளிலிருந்து அக்சாளுக்குத் தன் பேரோடு மல்லுக்கட்டுதான். கும்பகோணம் பக்கத்தில் இருந்த அவள் அப்பா மாசிலாமணி வீட்டில் பிள்ளை பிறந்தால் கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து விரல் வைப்பார்கள். விரல் பட்ட இடத்தில் எந்தப் பேர் இருக்கிறதோ, அதுதான் ஞானஸ்நானப் பேர். அண்ணனுக்கு யோசுவா என்று லட்சணமாக அமைந்தது. இவளுக்கு அமைந்தது அக்சாள். மாசிலாமணி பேரை மட்டும் படித்துவிட்டு மூடிவைத்தார். வயலில் நடவு ஆட்கள் காத்திருந்தார்களாம்.

பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போதெல்லாம் வகுப்பே சிரிக்கும். அப்படி யார்தான் இந்த அக்சாள் என்று ஒருநாள் ஆத்திரத்தில் அவளே எடுத்துப் படித்தாள். மொத்தமே நாலைந்து வரி. காலேப் என்பவருடைய மகள். கட்டிக்கொடுத்த அப்பா காய்ந்த பூமியை எழுதி வைக்கிறார். கேளுங்கள் என்று புருஷனைத் தூண்டிப் பார்க்கிறாள்; அந்த மனுஷன் வாய் திறந்ததாக எங்கேயும் இல்லை. கடைசியில் அவளே கழுதையை விட்டு இறங்கி அப்பா முன்னால் போய் நிற்கிறாள். நிலம் கொடுத்தீர்கள், தண்ணீரும் கொடுங்கள் என்கிறாள். அதற்குப் பிறகு சிரித்தவர்களை நம் அக்சாள் சட்டை செய்யவில்லை.

இப்போது அவளுக்கு நாற்பதை ஒட்டிய வயது. மாசிலாமணி நிலத்தைப் பிரித்தார். வாய்க்காலை ஒட்டிய வயல்கள் யோசுவாவுக்கு; கோடியில் இருந்த ஒன்று மகளுக்கு. பெண்ணுக்கும் பங்கு கொடுத்தவர் என்று தெருவே அவரைப் புகழ்ந்தது. அக்சாளுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அங்கே தண்ணீர் ஒரு வயல் நிரம்பி, மடை வழியாக அடுத்த வயலுக்கு இறங்கும். எல்லாம் ஒரே கையில் இருந்தவரை வில்லங்கமில்லை. நாளைக்கு அண்ணன் மடையை அடைத்தால் அவள் வயலில் நெல் என்ன, உளுந்துகூட நிச்சயமில்லை.

"அப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை கேளுங்களேன்," என்றாள் புருஷன் ராஜ்குமாரிடம்.

"மருமவன் போயி கேட்டா நல்லாவா இருக்கும்?" என்று அவன் டிராக்டரைத் துடைக்கப் போய்விட்டான். அக்சாளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தப் புருஷனும் இப்படித்தானே.

பத்திரம் பதிகிறதற்கு முந்தின நாள் அப்பாவும் அண்ணனும் வயலில் எல்லைக்கல் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். அக்சாள் ஸ்கூட்டியை வரப்போரம் நிறுத்தி இறங்கினாள். நேராக அப்பா முன்னால் போய் நின்றாள்.

"என்னம்மா வேணும்?" என்றார் மாசிலாமணி.

அதே கேள்வி. காலேப்பும் அதையேதான் கேட்டிருந்தார்.

"நெலம் குடுத்துட்டீங்கப்பா. தண்ணி வர வழி குடுக்கல. அண்ணன் வரப்ப ஒட்டி ஒரு வாய்க்கா போற அளவுக்கு எடம் பத்திரத்துல எழுதுங்க."

"நான் என்ன தண்ணி விடாமலா போயிடுவேன்?" என்றான் யோசுவா.

"நீ விடுவ. ஒனக்கப்புறம்?"

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. "குடுத்தது பத்தலையா ஒனக்கு?"

"பேரு வைக்கும்போது பேரோட நிறுத்திட்டீங்கப்பா. மிச்சத்தையும் படிச்சிட்டு நாளைக்குக் கையெழுத்துப் போடுங்க." சொல்லி முடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள்.

மறுநாள் பத்திரம் எழுதுகிறவர் கடையில் அப்பா அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், "மேல வாய்க்காலுக்கு எடம் விட்டு எழுதுங்க," என்றார் எழுதுகிறவரிடம். அக்சாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அப்படியே கீழ வடிகாலுக்கும் எழுதுங்க. ஐப்பசி மழையில ஊர்த்தண்ணி பூரா அந்த வயல்லதான் வந்து நிக்கும்," என்று மாசிலாமணியே தொடர்ந்தார்.

யோசுவா நிமிர்ந்தான். "வடிகால் அவ கேக்கவே இல்லையேப்பா."

"காலேப்பு மகளும் தண்ணின்னுதான் கேட்டா," என்றார் மாசிலாமணி. "அவரு மேல ஊத்தும் குடுத்தாரு, கீழ ஊத்தும் குடுத்தாரு. ராத்திரிதான் படிச்சேன்."