மைதானத்தில் நான் போட்ட உத்தரவு

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பட்டாளத்துக்குப் போவதென்று முடிவு செய்தேன். தேசம் எல்லை என்றெல்லாம் யோசிக்கவில்லை. எங்கள் தெருவிலிருந்து போன ஒருவர் லீவில் வந்தால், டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். கரும்பு வெட்டப் போகும் என் அப்பாவுக்கு யாரும் அப்படி நகர்ந்ததில்லை. அவ்வளவுதான் காரணம்.

கள்ளக்குறிச்சியில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். நடத்தியவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மாஸ்டர் என்போம். காலையில் ஓட்டமும் கயிறு ஏறுவதும், மத்தியானம் எழுத்துத் தேர்வுக்குப் படிப்பு. உயரம், மார்பளவு, ஓட்டம் எல்லாவற்றிலும் நான் சரியாக இருந்தேன். இரண்டாவது மாதமே என்னை லீடராக்கிக் கையில் ஒரு விசிலைக் கொடுத்தார்.

எங்களில் நன்றாக ஓடுபவன் கல்வராயன் மலையிலிருந்து வந்தவன். என் வயதுதான். மாஸ்டருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. "மலைய வுட்டு எறங்கிட்டா மனுசனாயிடுவியா?" என்பார். எல்லோரும் சிரிப்போம், நானும்தான். ஆனாலும் தினமும் பக்கத்தில் ஓடி, ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்து, நாங்கள் சிநேகிதர்களாகியிருந்தோம்.

ஒரு நாள் காய்ச்சலோடு வந்தான். மூன்றாவது சுற்றை எல்லோருக்கும் கடைசியாக முடித்து, மைதானத்திலேயே வாந்தி எடுத்தான். செரிக்காத சோறு மஞ்சளாகக் கிடந்தது. ஈ மொய்க்கத் தொடங்கியது. மாஸ்டர் வண்டியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"லீடரு, கடைசியா வந்தவனுக்கு இன்னா?"

"உருளணுங்க சார்."

"எங்க?"

கேட்டுவிட்டு, கையிலிருந்த டம்ளரால் வாந்தியை அவரே காட்டினார்.

"உருளு" என்றேன். அவன் என்னையே பார்த்தான். நான் விசிலை ஊதினேன். அவன் காதருகே குனிந்து, தொண்டை கிழியக் கத்தினேன். "டேய், உருளுடா!"

உருண்டான். சட்டையிலும் கழுத்திலும் தலைமுடியிலும் அது அப்பிக்கொண்டது. யாரோ கைதட்டினார்கள். மாஸ்டர் என் முதுகில் தட்டி, "நீ மிலிட்டரிக்குன்னே பொறந்தவன்டா" என்றார். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு எதை மறைத்தாலும் இதை மறைக்க முடியாது. உடம்பெல்லாம் சூடேறி, நெஞ்சு விரிந்தது.

சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். அம்மா சோறு போட்டாள். சாம்பார் ஊற்றிப் பிசைந்தேன். கையில் இருந்தது அதே மஞ்சள் நிறம். குமட்டிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன்.

"இன்னாடா, வெயில்ல ஜாஸ்தி ஓடுனியா?" என்று கேட்டாள். என்ன சொல்வது? ஒருவனை வாந்தியில் உருட்டிவிட்டு வந்திருக்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது என்றா?

சாயங்காலம் அவன் தங்கியிருந்த அறைக்குப் போனேன். வாசலில் பக்கெட் வைத்துச் சட்டையை அலசிக்கொண்டிருந்தான். சோப்பு வாசனையையும் மீறி அந்தப் புளித்த நாற்றம் வந்தது.

"மாஸ்டர் சொன்னாரு, அதான்…" என்று ஆரம்பித்தேன்.

"அவரு சொன்னாரு, நீ சொன்ன. அது பரவால்ல" என்றான். தண்ணீரைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தான். "ரெண்டாவது வாட்டி எதுக்குக் கத்துன? அத யாரு சொன்னா?"

வந்த வழியே திரும்பினேன்.

மறுநாள் மையத்துக்குப் போய் விசிலைத் திருப்பிக் கொடுத்து, இனி வரவில்லை என்றேன். மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, "பொட்டப் பையன்" என்று துப்பினார். அந்தச் சொல்லை விட, அவரைப் போலவே நானும் நாலு பேர் முன்னால் ஒருவனைக் கேவலப்படுத்தி ரசித்தேன் என்ற நினைப்புதான் அருவருப்பாக இருந்தது. என் உயரத்தையும் மார்பையும் அளந்தவர்கள் யாரும் இதை அளக்கவில்லை.

அப்பா பல நாள் பேசவில்லை. மார்பளவு பத்தவில்லை என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொல்வதைவிட அது எளிதாக இருந்தது.

அவன் தேர்வாகிப் போய்விட்டான். நான் இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு உரக்கடையில் வேலை செய்கிறேன். போன வருஷம் லீவில் வந்தவன், மலைமேல் தன் ஊருக்குப் போக வெள்ளிமலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என்னைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் வந்தான். தோள் அகன்றிருந்தது.

"அங்கயும் அப்படித்தானா?" என்று கேட்டேன்.

"தண்டன உண்டு. ஆனா வுழுந்தவனத் தூக்கிக்கினு ஓடவும் சொல்லித் தர்றாங்க."

"நானும் வந்திருந்தா?"

கோபமே இல்லாமல் சொன்னான். "நீ வராததே நல்லது."

பஸ் வந்துவிட்டது, ஓடி ஏறினான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்க மனம் வரவில்லை.