வியர்க்கும் கொப்பரை

திருவனந்தபுரத்துக் கல்லூரியில் பாடம் எடுக்கத் தொடங்கிய முதல் பருவத்தில், ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் மாணவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்பேன். "குழப்பமில்ல டீச்சர்" என்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஆலைக்குச் சரக்கு எங்கிருந்து, எப்படி, எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதைக் கணக்கும் வரைபடமுமாகச் சொல்லும் பாடம் அது. அதில் குழப்பமே இல்லையென்றால் வேறென்ன வேண்டும்? தேர்வுத் தாள்களைத் திருத்தியபோது எனக்குத்தான் தலை சுற்றியது. பக்கத்து மேசை பிந்து டீச்சர் சிரித்து ஓய்ந்த பிறகு சொன்னார்: "டீச்சரே, குழப்பமில்லன்னா இங்க பரவாயில்லன்னு அர்த்தம். பிள்ளைங்க மரியாதைக்குச் சொன்னதாக்கும்." அன்று மாலை கழக்கூட்டம் சந்திப்பு நெரிசலில் பேருந்து நகராமல் நின்றபோது முடிவு செய்தேன். இனி கரும்பலகையை மட்டும் நம்புவதில்லை. உண்மையான ஒரு சரக்கை வைத்துத்தான் பாடம் நடத்த வேண்டும்.

அந்தச் சரக்கு என் பிறந்த வீட்டிலிருந்தே வந்தது. நான் காங்கேயத்துக்காரி. கணவருக்குக் கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை கிடைத்ததால் இங்கே வந்தவள். இங்கே ஆனி ஆடியில் துவைத்த சேலை மூன்று நாளானாலும் ஈரம் விடாது. எங்கள் ஊரிலோ களத்தில் பரப்பிய தேங்காய்ப் பருப்பு வெயிலில் சுருங்கி, கொட்டாங்குச்சியை விட்டுத் தானாகக் கழன்றுவிடும். அப்படிக் காய்ந்த கொப்பரையைத்தான் கேரளத்து எண்ணெய் ஆலைகளுக்கு அண்ணன் லாரியில் அனுப்புகிறார். ஒருநாள் போனில் அவர் குரல் கொதித்தது. "ஏம்மிணி, உங்க ஊர்க்காரங்க பண்றது நாயமா? கல்லாட்டம் காஞ்ச கொப்பரைய அனுப்பறம். ஈரம்னு திருப்பி உடறாங்க." உங்க ஊர் என்று அவர் சொன்னது திருவனந்தபுரத்தை. அது என் ஊராக எப்போது ஆனது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமையே நகரத்துக்கு வெளியே, சரக்கைத் திருப்பிய அந்த ஆலைக்குப் போனேன். உரிமையாளர் விக்ரமன் தன்மையானவர். சாயா வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் குற்றம் சாட்டினார். "டீச்சரே, உங்கட ஆளுகள் வெள்ளம் தெளிச்சு அயக்குறாங்க. தூக்கம் கூடுமல்லோ." வெள்ளம் தண்ணீர் என்றும், அயக்குவது அனுப்புவது என்றும் எனக்குத் தெரியும். தண்ணீர் தெளித்தால் தூக்கம் எப்படிக் கூடும் என்று விழித்தேன். இவர்களுக்குத் தூக்கம் என்றால் எடை என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். திருப்பி அனுப்ப ஒதுக்கியிருந்த மேல் மூட்டைகளைப் பிரித்துக் காட்டினார். உண்மையாகவே நனைந்து, பச்சையாகப் பூசணம் பிடித்திருந்தன. இந்த மழைக்காலத்தோடு காங்கேயத்துச் சரக்கை நிறுத்தப் போவதாகச் சொன்னார். நிறுத்தினால் அண்ணனின் களமும், அங்கே பருப்பு நோண்டிப் பிழைக்கும் பெண்களும் என்ன ஆவார்கள்?

மூட்டைக்குள் வெப்பத்தையும் ஈரத்தையும் வழிநெடுகப் பதியும் சிறு கருவிகளை வைத்துப் பார்க்கலாம் என்றேன். விக்ரமன் நிதானமாகக் கேட்டார்: "லோடு உங்க சேட்டன்டெ. மெஷின் உங்களோடது. ரெண்டும் ஒரே வீடு. ஞான் எப்படி நம்பும்?" நியாயமான கேள்வி. கருவியை என் கை தொடாது. மாணவர்களே செய்வார்கள், அவர்களே வைப்பார்கள், அவர் கண்முன்னாலேயே எடுத்துப் படிப்பார்கள் என்று வாக்குக் கொடுத்தேன். அதுவே என் வகுப்பறைக்கும் நல்லதாகப் போயிற்று. பின்வரிசையில் கைபேசி பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஆய்வகத்தை விட்டு நகரவில்லை. முதலில் செய்த கருவிகளை எண்ணெய்ப் பிசுக்கு பாழாக்கியது. ஷஹானா என்ற மாணவி அவற்றை, காற்று மட்டும் புகும் துணியில் தைத்து மூடினாள். பிழைத்துக்கொண்டன.

இரண்டு மாணவர்கள் காங்கேயம் போய்க் கருவிகளை மூட்டைகளுக்குள் வைத்துவிட்டு வந்தார்கள். லாரி வந்ததும் விக்ரமன் முன்னாலேயே அவற்றை எடுத்து, பதிவை வரைபடமாக ஆலை அலுவலகச் சுவரில் போட்டார்கள். நான் கதவோரம் நின்றேன். ஷஹானா விக்ரமனைப் பார்த்துச் சொன்னாள்: "சாரே, இது ஆரும் தெளிச்ச வெள்ளமல்ல. கொப்ரா தானே வேர்த்ததாக்கும்." உச்சி வெயிலில் காய்ந்த கொப்பரையைச் சூடு ஆறாமலே மூட்டை கட்டித் தார்ப்பாயை இறுக்கிவிடுகிறார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டியதும் மழை தார்ப்பாயைக் குளிர வைக்கிறது. குழம்புச் சட்டி மூடியின் அடியில் நீர் கோப்பதைப் போல, உள்ளேயிருந்த ஆவி தார்ப்பாயில் பட்டுத் துளித்துளியாகச் சொட்டுகிறது. பிறகு தார்ப்பாயைப் பிரிக்காமலே லாரி ஆலை வாசலில் ஒரு பகல் முழுக்க நிற்கிறது. மேல் மூட்டைகள் ஊறிவிடுகின்றன. விக்ரமன் எழுந்துபோய், லாரி வாசலில் நின்ற அந்தப் பகலின் கோட்டை விரலால் தொட்டார். "அப்போ எனக்கும் பங்குண்டு" என்றார்.

அண்ணனிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. "அந்தூருக்காரங்க பக்கம் சேந்துக்கிட்டயா அம்மிணி?" என்றார். "நான் ரெண்டு பக்கமும்தாங்கண்ணா. ஒரே ஒரு லோடு ஆறவெச்சு ஏத்திப் பாருங்க." போனை வைத்துவிட்டார். ஆனால் அடுத்த லோடை நிழலில் ஆறப்போட்டுத்தான் ஏற்றியிருந்தார். அது வந்து சேர்ந்த அன்று மழை கொட்டியது. விக்ரமன் லாரியை நேராகக் கொட்டகைக்குள் விடச் சொல்லி, தார்ப்பாயை உடனே அவிழ்க்க வைத்தார். மேல் மூட்டையிலிருந்து ஒரு கொப்பரையை எடுத்து இரு கையாலும் ஒடித்தார். டக் என்று உடைந்தது. முகர்ந்து பார்த்து, "கொள்ளாம்" என்றார். நன்றாயிருக்கிறது என்று பொருள். இந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு இல்லை. என் மாணவர்கள் கைதட்டினார்கள். லாரி ஓட்டி வந்தவரும் எதற்கென்று கேட்காமல் சேர்ந்து தட்டினார். அதற்குப் பிறகு ஒரு லோடுகூடத் திரும்பவில்லை. பக்கத்துக் களங்களும் எங்கள் கருவியைக் கேட்டு வாங்கின. கல்லூரி எங்களுக்கென்று தனி ஆய்வகம் ஒதுக்கியது. அந்தப் பருவத்து விடைத்தாள்களை நான் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே திருத்தினேன்.

போன மாதம் மாணவர்கள் எல்லாரையும் காங்கேயத்துக்கு அழைத்துப் போனேன். அண்ணன் எல்லாருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். களத்தில் கொப்பரை வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூச வைத்தது. ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் ஷஹானா, நடுவில் நான். புதிதாகப் போட்ட நிழல்கூரையைப் பற்றி அவள் கேட்க, அவர் சொல்ல, நான் மாற்றி மாற்றி மொழிபெயர்த்தேன். திடீரென்று இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணனிடம் மலையாளத்திலும் ஷஹானாவிடம் கொங்குத் தமிழிலும் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்களுக்கு எல்லாமே புரிந்திருந்தது. அடுத்த வார்த்தையை எந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. நடுக்களத்தில், வெயிலில், வாய் திறந்தபடி நின்றேன்.