முப்பத்தேழு இடங்களில் ‘நாம்’

1932ஆம் ஆண்டு ஆகஸ்டு 13, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு மாமாவின் போர்க்கதை என் கைக்கு வந்தது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. நோட்டின் பின்னட்டையில் அதைப் பென்சிலால் குறித்து, கீழே ‘பதிப்பாசிரியை’ என்று கையொப்பமும் இட்டிருந்தேன். எனக்கு அப்போது வயது பன்னிரண்டு.

மாமா, அம்மாவின் தம்பி. செகந்திராபாத் ரயில்வே பட்டறையில் வேலை. எங்கள் வீட்டு முன்னறையில் அவருக்கு ஒரு கட்டில். நான் பிறப்பதற்கு முன்பு மெசபடோமியாவில், பாலம் கட்டும் படையில் இருந்தவர். சண்டையைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்காதவர், பதினைந்து ஆண்டுகள் கழித்து அதைக் கோடுபோட்ட நோட்டு ஒன்றில் எழுதி முடித்திருந்தார். சர்ச்சுப் பத்திரிகையில் வெளியிடப் போதகர் இசைந்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் பிழை திருத்தி நல்ல பிரதி எழுதித் தரும் பொறுப்பு என்னுடையது. குடும்பத்தில் தமிழை ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பது என் கருத்து. அதை யாரும் மறுக்கவில்லை.

“எழுத்துப் பிழைய மட்டும் பாரு. கதைய நோண்டாத,” என்றார் மாமா.

“எங்க ரெண்டு சுழி, எங்க மூணு சுழின்னு ஒண்ணுகூட சரியில்லையே மாமா.”

“ஹவ்,” என்றார் மாமா, பட்டறையில் ஒட்டிக்கொண்ட உருதுவில் ‘ஆமாம்’ என்று. “அதத்தான் சொல்லுதேன். வேணுங்கிற சுழிய நீ போட்டுக்கோ.”

முதல் பக்கத்திலேயே டைகிரிஸ் நதி கரைபுரண்டு வந்தது. படகுகளை வரிசையாகப் பிணைத்து, மேலே பலகை பரப்பி, ஒரே பகலில் ஒரு படையே நடந்து கடக்கும் பாலத்தை எழுப்பினார்கள். குண்டுகள் நீரில் விழும் ஓசை, மணலில் கடலை வறுபடுவதைப் போல இருந்ததாம். பாலத்தில் கால் வைக்க மறுத்த கோவேறு கழுதையின் கண்களைத் துண்டால் கட்டி, அதன் காதில் ஞானப்பாட்டுப் பாடியே அக்கரை சேர்த்தார்களாம். உட்கார்ந்து வாசித்தவள் எழுந்து நின்றேன்; நின்றவள் கட்டிலின்மேல் ஏறினேன். பத்தாம் பக்கத்தில் பொறுக்கமுடியாமல் சமையலறைக்கு ஓடி, மணைப்பலகைகள் நான்கையும் எடுத்து வந்து, கொடிக்கயிற்றால் பிணைத்து, முற்றத்தில் தேங்கிய மழைநீரில் மிதக்கவிட்டேன்.

“ஏட்டி, மணையெல்லாம் எங்க?” என்று அம்மா உள்ளிருந்து கேட்டாள்.

“ஆத்துல இருக்கும்மா.”

“எந்த ஆத்துல?”

“டைகிரிஸ்ல.”

“அப்ப நீயும் ஒங்க மாமனும் அங்கயே உக்காந்து சாப்பிட்டுக்கோங்க.”

பாலம் கவிழ்ந்த பிறகு நோட்டுக்குத் திரும்பினேன். அப்போதுதான் அந்தப் பிழை கண்ணில் பட்டது. ‘நாம்’ என்றால் கேட்பவரும் அதில் சேர்த்தி, ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் அதற்கு வெளியே என்று அந்த வாரம்தான் பள்ளியில் படித்திருந்தோம். மாமாவோ பக்கத்துக்குப் பக்கம் ‘நாம் இருவரும் படகைத் தள்ளினோம்’, ‘நம் கூடாரம் நனைந்தது’ என்றே எழுதியிருந்தார். வாசிக்கிற நான் எப்போது மெசபடோமியாவுக்குப் போனேன்? பதிப்பாசிரியைக்கு இதைவிடப் பெரிய பேறு வேறில்லை. நோட்டு முழுவதையும் மறுபடி முதலிலிருந்து வேட்டையாடினேன். விளக்கேற்றும் நேரத்துக்குள் முப்பத்தேழு இடங்களில் ‘நாம்’ வகையறாவைக் கோடிட்டு, மேலே ‘நாங்கள்’ வகையறாவை எழுதி முடித்தேன். இருவரில் மற்றவருக்கு ஓரிடத்திலும் பெயர் இல்லாததால், ஓரத்தில் ‘இவர் யார்? பெயர் தேவை’ என்றும் குறித்தேன்.

கடைசிப் பாலத்தை ‘நாம்’ பாதிவரை இழுத்துச் சென்றோம். வெள்ளம் நடுவிலிருந்த இரண்டு படகுகளைப் பிடுங்கிக்கொண்டது. ‘நான் கரையேறினேன். மறுநாள் காலை எனக்கு இரண்டு பேர் பங்கு ரொட்டி கொடுத்தார்கள்’ என்று இருந்தது. வீரத்துக்குக் கிடைத்த பரிசு என்று எண்ணி எனக்குப் புல்லரித்தது. அதற்குப் பின் எஞ்சிய பக்கங்களில் ‘நான்’ மட்டுமே. திருத்த ஒன்றுமே இல்லை.

மறுநாள் காலை, சர்ச்சுக்குப் புறப்பட மாமா பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது நோட்டை நீட்டினேன். அவர் கையைத் துடைத்துவிட்டு நிதானமாகப் புரட்டினார். ஓரக்குறிப்பில் நின்றார்.

“பேரு வேணுமோ?”

“வாசிக்கிறவங்களுக்குத் தெரியணும்லா மாமா.”

“வாசிக்கிறவனுக்குத் தெரியும்ட்டி.”

அவர் முகம் ஒரு மாதிரி ஆனதைக் கண்டு, திருத்தங்களின் எண்ணிக்கையால் புண்பட்டுவிட்டார் என்று முடிவு செய்தேன். பெருந்தன்மையுடன் தேற்றினேன்: “பாலத்தத் தாண்டினப்புறம் ஒரு தப்புகூட இல்ல மாமா.”

“ஹவ்,” என்றார். “அதுக்கப்புறம் தப்பு வர வழியில்ல.”

பிறகு நோட்டை என்னிடமே தந்தார். “அச்சுக்கு நீ சொல்லுத மாதிரியே எழுதிக் குடு. நோட்டுல நீ எழுதினத மட்டும் அழிச்சிரு.”

“தப்பு தப்பாவே இருக்கணுமா?”

“இருக்கட்டும். அழிக்க மனசில்ல, நக்கோன்னா சொல்லு, நான் அழிச்சிக்கிடுதேன்.”

அவருடைய பிடிவாதத்தின்மேல் எனக்குக் கோபம் பொங்கியது. ஆனாலும் முதல் மணி அடிப்பதற்குள் உட்கார்ந்து, ரப்பர் தேயத் தேய, என் திருத்தங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். முப்பத்தாறை அழித்தேன். முப்பத்தேழாவது, பாலத்தின் நடுவில் இருந்தது. இலக்கணத்துக்கு ஒரு சாட்சியாவது இருக்கட்டும் என்று அந்த ஒரு ‘நாங்கள்’ என்பதை மாமாவுக்குத் தெரியாமல் அழிக்காமல் விட்டு, நோட்டை மூடி அவர் கட்டிலில் வைத்துவிட்டு, தலைநிமிர்ந்து சர்ச்சுக்குப் போனேன். மாமா ‘நாம்’ என்று சொன்ன அந்தக் கதையைக் கேட்பவள் நான்தான் என்று அப்போதும் நம்பிக்கொண்டிருந்தேன்.