தேய்த்த கோலிக்குண்டுகள்

தம்மம்பட்டியில் பழைய வீடு இடிக்கும் வேலை முடிந்து, ஆத்தூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். மாடக்குழியில் கிடந்த கோலிக்குண்டுகளை வீட்டுக்காரர் என்னையே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். சோடாக் கோலிகளைத் தள்ளிவிட்டு, உள்ளே வண்ண இழைகள் முறுக்கியிருந்தவற்றை மட்டும் பொறுக்கியிருந்தேன். சேலத்தில் பழைய சாமான் கடை பாய் அவற்றை வாங்கினால்தான் எனக்குச் சோறு.

ஒவ்வொன்றிலும் ஓர் இடம் சொரசொரப்பாக இருந்தது. உடைசல் என்று தள்ளிவிடுவாரோ எனப் பயந்து, வழியில் ஒரு லாரிப் பட்டறையின் சாணைக்கல்லில் தேய்த்து வழவழப்பாக்கினேன். பட்டறைக்காரர் விரட்டியதால் ஒன்று மட்டும் தேய்க்காமல் மிஞ்சியது.

சேலம் கடையில் பாய் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார்.

"யாரு தம்பி இதைத் தேச்சது?"

"நான்தானுங்க பாய். அசிங்கமா இருந்துச்சுங்க."

மிஞ்சிய கோலியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இங்க தடவிப் பாரு. கண்ணாடிக் கம்பியில இருந்து கையால வெட்டி எடுத்த தழும்பு. மெஷின் கோலியில இது இருக்காது. இதை வெச்சுத்தான் பழசுன்னு வாங்குறாங்க. நீ மாப்பிள்ளைக்குச் சவரம் பண்ற மாதிரி வழிச்சுட்டியே."

கோலிகளை மூட்டை கட்டினேன்.

"உக்காரு. சாப்பிட்டுப் போ" என்றார். சோறு வந்தது. நான் சாப்பிடுவதைப் பார்த்தபடி சொன்னார்: "நல்லதாத்தான் பொறுக்கியிருக்கே. உனக்குக் கண்ணு இருக்கு தம்பி. கைதான் சும்மா இருக்க மாட்டேங்குது."

என்னிடம் ஏதோ ஒன்று சரியாக இருப்பதாக அதுவரை யாரும் சொன்னதில்லை.

மறுநாள் காலை, அவருக்காக ஊர் ஊராகப் பழைய சாமான் வாங்கும் வேலையில் சேர்ந்தேன். கெங்கவல்லியில் முதல் வீட்டு அம்மா, கோலிகளைக் கழுவித் துடைத்துத் தருவதாகச் சொல்லி உள்ளே திரும்பினார்.

"வேண்டாமுங்க, அப்படியே குடுங்க" என்றேன்.