கட்டிங் மாஸ்டரின் இரண்டு மணி நேரம்

எங்கள் சமூகக்கூடத்தில் சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து கைவேலை செய்வார்கள். வெயில் காலத்தில் காகித விசிறி, மழைக் காலத்தில் காகிதக் குடை, குளிர் வந்தால் கம்பளிநூல் பந்து, இலை உதிரும் மாதங்களில் காய்ந்த இலைகளை ஒட்டிப் படம். கத்தரிக்கோல்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவதும், கடைசியில் பசையைச் சுரண்டி மேசையைத் துடைப்பதும் என் வேலை. பிள்ளைகள் என்னை டீச்சர் என்பார்கள். பதினேழு வருடத்தில் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. பெற்றோரைக் கண்டால்தான் மூக்குக்கு மேல் வரும். ஒருவர் வந்ததும் வராததுமாகப் போனுக்குள் போய்விடுவார். இன்னொருவர், "இதுக்கு மார்க் உண்டா?" என்று கேட்பார். மகன் சட்டையில் பசை ஒட்டிவிட்டதென்று என்னிடம் மல்லுக்கு நின்ற அம்மாவும் உண்டு.

அதனால்தான் கட்டிங் மாஸ்டரை எனக்கு முதல் நாளே பிடித்துப்போனது. போனைத் தொடவே மாட்டார். ஆயத்த ஆடைக் கம்பெனியில் துணி வெட்டுகிறவர். நாற்பது மடிப்புத் துணியை அடுக்கி, மேலே கோடு போட்டு, ஒரே இழுப்பில் நாற்பது சட்டைக்கான கைகளை வெட்டி எடுப்பாராம். கை தப்பினால் நாற்பதும் பாழ். உதவிக்கு இருக்கிறவர்களைத் துணியை விரிக்க விடுவாரே தவிர, வெட்ட விடமாட்டார். "தைச்சதைப் பிரிச்சுத் தைச்சிடலாம்க்கா. வெட்டினதை என்ன பண்ணுவீங்க?" என்பார்.

அவருக்கும் அவர் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. மகள் அம்மாவோடு போய்விட்டாள். ஒரு சனி விட்டு ஒரு சனி, இரண்டு மணி நேரம், எங்கள் கூடத்தில், என் கண்முன்னால் அவர் மகளைப் பார்க்கலாம் என்று நீதிமன்றத்தில் சொல்லியிருந்தார்கள். அதுவும் அவளுக்குப் பத்து வயது முடியும்வரைதான். அதற்குப் பிறகு நீதிமன்றத்து ஆலோசகர் அம்மா வந்து அவளையே கேட்பார். அப்பாவைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றால் பார்க்கலாம், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதான். மாஸ்டர் முதல்முறை வந்தபோது அவளுக்கு ஒன்பதே கால்.

அவருக்கு இருந்த பயம் கொஞ்சநஞ்சமல்ல. ஒன்பதரைக்கே வந்து வாசலில் நிற்பார். சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். மகள் உள்ளே வந்ததும் நாற்காலியை இழுத்துப் போடுவார், பென்சிலைச் சீவிக் கொடுப்பார், பசை டப்பாவைத் திறந்து வைப்பார். கடையில் வாடிக்கையாளரைக் கவனிக்கிற மாதிரிதான் இருக்கும். அவள் அதிகம் பேசாத பிள்ளை. ஆனால் கை துறுதுறுவென்று இருக்கும், எதையாவது கிழித்து ஒட்டிக்கொண்டே இருப்பாள்.

இலை ஒட்டும் மாதத்தில் அவள் ஒரு குதிரை செய்தாள். மூன்று கால் ஒரு பக்கம், ஒரு கால் வேறு எங்கேயோ. பார்த்தால் குதிரை வழுக்கி விழுகிற மாதிரி இருந்தது, எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் கைகழுவப் போய்த் திரும்பி வருவதற்குள் மாஸ்டர் நாலு காலையும் பிய்த்தெடுத்து வரிசையாக ஒட்டிவிட்டார்.

"இப்பப் பாரு கண்ணு, நல்லா நிக்குது!"

அவள் பார்த்தாள். "அது ஓடிட்டு இருந்துச்சுப்பா" என்றாள். அவ்வளவுதான்.

கம்பளிப் பந்திலும் அதே கதை. அவள் சுற்றியதை ஒரு சுற்று வெட்டி உருண்டையாக்கிக் கொடுத்தார். விசிறிக்கு மடிப்புகளை அவரே அளந்து மடித்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேறு யாராவது இப்படிச் செய்தால் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பேன். இவரிடம் வாய் வரவில்லை. மாதத்துக்கு நாலு மணி நேரம் அப்பாவாக இருக்கிற மனிதரிடம் என்ன குற்றம் கண்டுபிடிப்பது என்று விட்டுவிட்டேன்.

மழைக் காலம் வந்தது. அவளுக்குப் பத்து முடிய ஒரு மாதம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை குடை. காகிதத்தில் எட்டு இதழ் வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் குச்சி செருக வேண்டும். அவள் உட்கார்ந்ததும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்பா, இன்னைக்கு நீங்க தொடவே கூடாது."

"சரி கண்ணு. தொடல."

சொன்னபடி இருந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அவள் கத்தரிக்கோல் கோட்டை விட்டு விலகும் போதெல்லாம் அவர் தோள் துள்ளுவது எனக்குத் தெரிந்தது. அவள் குடைக்கு ஏழு இதழ்தான் வந்தது. மிச்ச இடத்தில் ஊதா நிறத் துண்டு ஒன்றை ஒட்டுப்போட்டாள். குடை ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அவள் அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "டீச்சர், நான் நனையல பாருங்க!" என்று என்னிடம் சொன்னாள். அவள் அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். மாஸ்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பன்னிரண்டு மணிக்கு அவள் அம்மா வாசலில் வந்து கூட்டிப்போனார். குடை மேசையிலேயே இருந்தது. எல்லோரும் போன பிறகும் மாஸ்டர் போகவில்லை.

"அக்கா, நாளைக்குக் கண்காட்சி இல்ல?"

"ஆமா. சீசன் முடியுதே. எல்லாத்தையும் கயித்துல கட்டித் தொங்கவிடணும்."

"ஆலோசகர் அம்மாவும் வருவாங்களாமே. அவ அம்மா வீட்டு ஆளுங்களும் வருவாங்க. இதைப் பாத்தா சிரிப்பாங்கக்கா. அப்பன் துணி வெட்டுறவன், பொண்ணு வெட்டினதைப் பாருன்னு சொல்லுவாங்க. எம்புள்ள கூனிக்குறுகி நிக்கணுமா?"

"பிள்ளைங்க செஞ்சது அப்படித்தான் மாஸ்டர் இருக்கும்."

"கொஞ்சம் காகிதம் மட்டும் குடுங்க. அரைமணி நேரம்."

கொடுத்தேன். அதே நிறக் காகிதங்களை நானே தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர் கை போன வேகத்தை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு இதழும் அச்சில் வார்த்தது போல வந்தன. ஊதாத் துண்டைக்கூட அளவாக வெட்டி ஒரு இதழில் ஒட்டினார். பழைய குடையில் இருந்த அவள் கோணல் எழுத்தைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி அவள் பெயரையும் எழுதினார். பழைய குடையை நான் மற்றக் குப்பைகளோடு சேர்த்துக் கட்டி வெளியே வைத்தேன்.

மறுநாள் கூடம் நிரம்பி வழிந்தது. அந்தக் குடைக்கு அடியில் நிற்காத ஆளில்லை. "பத்து வயசுப் புள்ள செஞ்சதா இது!" என்று ஆலோசகர் அம்மாவே ஆச்சரியப்பட்டார். அவள் அம்மாகூட மாஸ்டரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை.

மகள் மட்டும் கயிறு முழுக்க ஒவ்வொரு குடையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசிவரை போய்த் திரும்பி வந்தாள்.

"அப்பா, என் குடை எங்க?"

"இதோ, இதுதான் கண்ணு உன்னோடது. பேரு இருக்கு பாரு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "டீச்சர்?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

அவள் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. யாரோ பாராட்டியபோது, "தேங்க்ஸ்" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து ஆலோசகர் அம்மா அவளை எங்கள் பின்னறையில் உட்காரவைத்துக் கேட்டார். கதவு சரியாகச் சாத்தாது. நான் இந்தப் பக்கம் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பாவைத் தொடர்ந்து பாக்கறியாம்மா?"

"வேணாம்."

"ஏன்? திட்டினாரா? அடிச்சாரா?"

"இல்ல. அப்பா நல்லவருதான்."

"அப்புறம்?"

நான் துடைப்பதை நிறுத்தினேன்.

"நான் செஞ்சதை அப்பாவுக்குப் பிடிக்காது. அவரு செஞ்சதை நான் செஞ்சேன்னு சொல்லுவாரு. டீச்சரும் அப்படித்தான் சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்கு."

ஆலோசகர் அம்மா எழுதிக்கொண்டார். உள்ளே போய் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று ஈரத்துணியோடு கதவுவரை போனேன். வேலை போய்விடுமோ என்று நினைத்தேன். நின்றுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மாஸ்டர் வழக்கம்போல ஒன்பதரைக்கு வந்தார். இனி மகளைப் பார்க்க முடியாது என்று நீதிமன்றக் கடிதம் கிடைத்திருந்தது. அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். உள்ளே வந்து அவரும் மகளும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, எழுதினதுல காரணம் எதுவும் இல்ல. உங்க காதுல ஏதாவது விழுந்துச்சா? அவ அம்மா சொல்லிக்குடுத்திருப்பாளோ?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் மனைவியைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பார். எனக்கும் தப்பித்தது போல இருந்திருக்கும். இந்தமுறை பொய் வரவில்லை. அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். நான் தலையாட்டியதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"பயமா இருக்குன்னாளா?" என்று மட்டும் கேட்டார். "என்னைப் பாத்தா?"

பத்து மணி ஆனது. பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். நாற்காலி பற்றாமல் ஒரு அப்பாவும் மகனும் மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்று என்னைப் பார்த்தார்கள்.

"மாஸ்டர்" என்றேன். "பிள்ளையோட வர்றவங்கதான் இங்க உக்காரலாம்."

"ஆமாமா" என்று எழுந்து, நாற்காலியைத் துடைத்து அந்தச் சிறுவனுக்கு இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார்.