வாடிக்கையாளர் சொன்னது, அவர் வார்த்தையிலேயே

அந்தக் கார் பட்டறையில் வக்கீல் எங்கே என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் பின்பக்கத்து உதிரிபாகக் கிடங்கைக் காட்டுகிறார்கள். கறுப்புக் கோட்டு போட்டவரும் இல்லை, கோர்ட்டு வாசலை மிதித்தவரும் இல்லை. பத்தொன்பது வருடம் முன்பக்கத்துக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து வாரண்டி விண்ணப்பம் எழுதியவர். அவர் எழுதினால் திரும்பி வராது என்று ஒரு பேர் இருந்தது. அதனால் மெக்கானிக்குகள் வைத்த பெயர்தான் வக்கீல்.

கார் வாங்கும்போது கிடைக்கிற வாரண்டி முடிந்த பிறகும், இன்ஜின் பழுதானால் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று தனியாகப் பணம் கட்டி வாங்கிக்கொள்வது கூடுதல் வாரண்டி. விற்கும்போது காட்டுகிற காகிதம் ஒரு பக்கம். பழுதான பிறகு காட்டுகிற காகிதம் நாற்பது பக்கம். அந்த நாற்பதும் வக்கீலுக்குத் தலைகீழ்ப் பாடம். அதில் முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி உண்டு: ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்த பிறகும் வண்டியை ஓட்டியிருந்தால் இன்ஜினுக்கு நாங்கள் பொறுப்பல்ல.

விளக்கு எரிந்ததும் ஓரங்கட்டுகிற உத்தமர்கள் உலகத்தில் எத்தனை பேர்? இந்த சிக்னலைத் தாண்டிவிடலாம், இதோ வீடு வந்துவிட்டது என்று எல்லோரும் கொஞ்சம் ஓட்டத்தான் செய்வார்கள். வக்கீலுக்கு அது தெரியும். அதனால் கேள்வியை அவர் வெறுமனே கேட்கமாட்டார். பதிலையும் உள்ளே வைத்து மடித்துக் கொடுப்பார்.

“விளக்கு எரிஞ்ச உடனே ஓரமா நிறுத்திட்டீங்க, அப்படித்தானே?”

எதிரே இருப்பவர் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்ப்பார். பிறகு ஆமா என்பார். ‘வாடிக்கையாளர் சொன்னது, அவர் வார்த்தையிலேயே’ என்று அச்சடித்த கட்டத்துக்குள் அதை முத்து முத்தாக எழுதிவிடுவார் வக்கீல். பொய் எழுதினோம் என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை. கேட்டேன், சொன்னார்கள், எழுதினேன். தூக்கமும் நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

அதைக் கெடுத்தவர் ஒரு நர்ஸ். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறவர். நாற்பது வயதிருக்கும். அவருடைய சின்னக் கார் இன்ஜின் இறுகிப்போய், கயிறு கட்டி இழுத்து வரப்பட்டிருந்தது. அவர் வந்த நேரத்தில் வக்கீல் பின்பக்கம் டீ குடித்தபடி, தான் ஜெயித்த பழைய கேஸ் ஒன்றை மெக்கானிக்குகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சொந்தப் பெருமை தொடங்கிவிட்டால் டீ ஆறினாலும் அவர் வாய் ஆறாது. நாற்பது நிமிடம் பொறுத்துப் பார்த்த நர்ஸ் நேரே மேனேஜர் அறைக்குப் போனார். குரலை உயர்த்தவில்லை. நோயாளி ஒருவர் எனக்காகக் காத்திருக்கிறார், இங்கே நாற்காலியில் யாருமே இல்லையே என்று மட்டும் கேட்டார்.

மேனேஜர் குரலை உயர்த்தினார். கார் கழுவுகிறவர் முதல் வாசலில் நின்ற வாடிக்கையாளர் வரை எல்லோர் காதிலும் விழும்படி வக்கீலுக்கு மண்டகப்படி நடந்தது. ஐம்பத்து நான்கு வயதில், தன் பாதி வயசுக்காரர்கள் முன்னால் அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தவருக்கு முகம் கடுகடுவென்று இருந்தது. படிவத்தை எடுத்தார். அன்று கேள்வியை மடிக்கவில்லை.

“என்ன ஆச்சு?”

“ஆயில் விளக்கு எரிஞ்சுதுங்க. ஆனா ஒரு பெரியவருக்குக் கட்டு மாத்தணும். பத்து நிமிஷம்தானேன்னு ஓட்டிட்டேன். அவர் வீட்டு வாசல்லயே வண்டி நின்னுடுச்சு.”

பக்கத்தில் நின்ற மெக்கானிக் தொண்டையைச் செருமினார். அது என்ன செருமல் என்று வக்கீலுக்கு நன்றாகவே புரிந்தது. பேனா ஒரு நொடி நின்றது. பிறகு நர்ஸ் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். பத்தை ஐந்தாகக்கூடக் குறைக்கவில்லை. நர்ஸ் வாங்கி நிதானமாகப் படித்து, சரியாக எழுதியிருக்கிறீர்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பதாம் நாள் விண்ணப்பம் திரும்பி வந்தது. முப்பத்தோராம் பக்கத்தின்படி நிராகரிப்பு. வக்கீல் நர்ஸுக்கு ஃபோனில் சொன்னார். எதிர்ப்பக்கத்திலிருந்து சரிங்க என்று ஒரு குரல், அவ்வளவுதான். திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

அதே வாரத்தில் ஒருநாள் மாலை, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வக்கீல் அந்த நர்ஸைப் பார்த்தார். தோளில் இரண்டு பைகள், கையில் மருந்துப் பெட்டி, பிடிக்கக் கம்பி கிடைக்காத நெரிசல். வக்கீல் கிடைத்த பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு அது சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்தது. என்னவென்று மனைவி துருவிக் கேட்க, சொன்னார். உண்மையைத்தானே எழுதினீங்க, இதுக்குப் போய் ஏன் இப்படி இடிஞ்சு உக்காந்திருக்கீங்க என்று அவள் சமாதானம் சொன்னாள். அதுதான் அவரைச் சுட்டது. எத்தனையோ பொய்யை நல்ல மனதோடு எழுதிய கை, ஒரு உண்மையைக் கெட்ட மனதோடு எழுதியிருந்தது.

மறுபரிசீலனைக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. வாடிக்கையாளரின் புது வாக்குமூலம் வேண்டும். அதை வக்கீலே எழுதி எடுத்துக்கொண்டு, விடுமுறை நாளில் நர்ஸ் வீட்டைத் தேடிப் போனார். மூன்றாவது மாடி, இரண்டு அறை. கொதிநீரில் போட்டு எடுத்த கத்தரிக்கோல்கள் ஒரு வெள்ளைத் துண்டின்மேல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு எட்டு வீடு போவாராம். பஸ்ஸில் நாலுக்கு மேல் முடியவில்லையாம். இப்போது எல்லோருக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் கட்டு மாறுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தாமதமாகக் கதவைத் திறந்ததற்குக் காரணமாகச் சொன்னார்.

காகிதத்தைப் படித்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார்.

“நான் உடனே நிறுத்தலையே.”

எல்லோருக்கும் இப்படித்தான் எழுதுவது வழக்கம் என்றார் வக்கீல். அப்படியானால் என்னைப் போல ஓட்டியவர்களுக்கும் வாரண்டி கிடைத்திருக்கிறதா என்று கேட்டார் நர்ஸ். கிடைத்திருக்கிறது.

“அப்போ எனக்கு மட்டும் ஏன் சொன்னதை அப்படியே எழுதினீங்க?”

வக்கீல் முகத்தைக் கத்தரிக்கோல்கள் பக்கம் திருப்பிக்கொண்டார். வலியில் முகம் சுளிப்பவர்களைத் தினமும் பார்க்கிற பெண் அவர். அவருக்கே மனம் இளகிவிட்டது போலும், குரலைத் தணித்தார்.

“அன்னைக்கு உங்களுக்கு வேலை ஜாஸ்தி. அவசரத்துல சரியா கேக்க விட்டுப்போச்சு. அப்படித்தானே?”

பத்தொன்பது வருடமாகத் தான் அடுத்தவர்களுக்கு மடித்துக் கொடுத்ததை, முதல்முறையாகத் தன் கையில் வாங்கிப் பார்த்தார் வக்கீல். ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது எவ்வளவு சுகமான வார்த்தை என்று அப்போதுதான் தெரிந்தது.

“இல்லம்மா. ஒண்ணும் விட்டுப்போகல. உங்களால எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கினேன். அந்தக் கோபத்துல, தெரிஞ்சேதான் எழுதினேன்.”

நர்ஸ் காகிதத்தின் மறுபக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார்.

“அப்போ இதை அப்படியே எழுதுங்க.”

எழுதினார். மறுநாள் காலை மேனேஜர் மேசையில் வைத்தார். மேனேஜர் அதை நின்றபடியே இரண்டு தடவை படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். இந்தக் கடிதம் வாரண்டி கம்பெனிக்குப் போனால் பத்தொன்பது வருட விண்ணப்பங்களும் சந்திக்கு வந்துவிடும். கடிதம் போகவே இல்லை. நர்ஸின் இன்ஜினைப் பட்டறையே தன் பொறுப்பில் சரிசெய்து கொடுப்பதென்று சாயங்காலத்துக்குள் முடிவாயிற்று. மறுநாள் வக்கீலின் நாற்காலியும் கிடங்குக்கு மாறிற்று.

வண்டியை எடுக்க வந்த அன்று நர்ஸ் கிடங்குப் பக்கம் எட்டிப் பார்த்தார். வக்கீல் சட்டென்று எழுந்து நின்றார். நன்றி சொல்வாரோ என்று மனம் ஒரு பக்கம் ஆசைப்பட்டது, வெட்கங்கெட்ட மனம். வண்டி நன்றாக ஓடுகிறது என்றார் நர்ஸ். பிறகு கேட்டார்.

“என்னை மாதிரி வேற யாருக்காவது கோபத்துல அப்படி எழுதியிருக்கீங்களா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அப்போதுதான் ஒரு டாக்சிக்காரர் நினைவுக்கு வந்தார். நாலு வருடம் இருக்கும். கண்ணாடித் தடுப்பைச் சாவியால் தட்டித் தட்டிக் கூப்பிட்டவர். அது தவிர ஒரு தப்பும் செய்யாதவர்.

“ஒருத்தர் இருக்கார்.”

“அவர் இப்போ எப்படி இருக்கார்?”

வக்கீலுக்குத் தெரியவில்லை. அவர் பெயர்கூட நினைவில்லை. அந்தக் கட்டத்துக்குள் அவருக்காக எழுதிய வரி மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் நினைவிருந்தது.